ஜீனா மண்ணில் புதைத்தது

மக்களே, இன்னைக்கு ஒரு கொசுவத்தி. கொஞ்சம் பெருசாவே சுத்தும். தலை சுத்தினா கம்பெனி பொறுப்பில்லை.

தீபாவளிக்கு குர்கானிலிருந்து மகள் வந்திருந்தாள். சண்டிகரில் எங்கள் வீட்டு ஹாலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். என்னவென்று எட்டிப் பார்த்தால், அட, நம்ம ஜீனா! தோல் கவசம், முதுகில் வாள், இடுப்பில் இரும்பு வளையம். ஒரே உதையில் நாலு தடியன்கள் பறக்கிறார்கள். அம்மணி அந்தரத்தில் மூன்று குட்டிக்கரணம் போடுகிறாள். கூடவே அந்தச் சத்தம். கொடை விழாவில் சாமி புறப்படும்போது பெண்கள் போடும் குலவை மாதிரியே இருக்கும்.

"அப்பா, இதையா ராத்திரி முழிச்சிருந்து பார்த்தீங்க?"

"ஆமாடா. அப்போ இதுதான் எங்களுக்குத் திருவிழா."

அரை மணி நேரம் கழித்து சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பா, இவ ஊர் ஊரா கொளுத்தினவளாமே. அப்புறம் எப்படி இவ ஹீரோயின்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து தங்கமணியின் குரல் வந்தது. "ஏன், பாட்ஷா மட்டும் என்னவாம்?"

இந்தப் பதிவுக்கு விதை அதுதான்.

பாட்ஷா வந்தது 1995 பொங்கலுக்கு. ஜீனா முதன்முதலில் திரையில் தோன்றியதும் அதே 1995-ல்தான். இரண்டு பேருமே பழைய கதையை மறைத்து வாழ்கிறவர்கள். மாணிக்கம் பம்பாய்க் கதையை மறைத்துக்கொண்டு மெட்ராஸில் ஆட்டோ ஓட்டுகிறார். ஜீனா தன் ஆயுதங்களை மண்ணில் புதைத்துவிட்டு ஊர் திரும்பப் பார்க்கிறாள். ஆனால் மாணிக்கத்தின் பழைய கதை வெளியே வரும்போது தியேட்டரே விசிலடித்தது. ஜீனாவின் பழைய கதை தெரிந்த ஊரோ கையில் கல்லை எடுத்தது. அந்த வித்தியாசத்தைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கப் போகிறேன்.

சாக வேண்டியவள்

முதலில் ஒரு விஷயம். ஜீனா கதாநாயகியாகப் பிறக்கவே இல்லை. மூன்று எபிசோடு வந்து செத்துப்போக வேண்டிய வில்லி.

'ஹெர்குலிஸ்' தொடர் 1995 ஜனவரியில் அமெரிக்காவில் தொடங்கியது. படப்பிடிப்பு முழுக்க நியூசிலாந்தில். தயாரிப்பாளர்கள் ராபர்ட் டேப்பர்ட்டும், பின்னாளில் ஸ்பைடர்மேன் படம் எடுத்த சாம் ரெய்மியும். டேப்பர்ட்டுக்கு ஹாங்காங் சண்டைப் படங்கள் என்றால் உயிர். 'தி பிரைட் வித் ஒயிட் ஹேர்' படத்தில் பிரிஜிட் லின் செய்த மாதிரி ஒரு பயங்கரமான போர்க்காரி வேண்டும் என்று ஜீனாவை உருவாக்கினார்கள். அந்த வேடத்துக்கு எடுத்திருந்த வனெஸ்ஸா ஏஞ்சலுக்குக் கடைசி நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. அவசரத்துக்கு உள்ளூரிலேயே இருந்த லூசி லாலெஸைக் கூப்பிட்டார்கள். ஆக்லாந்துப் பெண். முன்பு ஆஸ்திரேலியாவில் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஹெர்குலிஸ் தொடரிலேயே அதற்கு முன் சின்னச் சின்ன வேடங்களில் தலைகாட்டியிருந்தார்.

முதல் எபிசோடில் ஜீனா நண்பர்கள் இருவரை மூட்டிவிட்டு ஹெர்குலிஸைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறாள். இரண்டாவதில் அவள் படை ஒரு கிராமத்தை அழிக்கிறது. அங்கே ஒரு கைக்குழந்தையை மட்டும் அவள் காப்பாற்றிவிடுகிறாள். தலைவி இளகிவிட்டாள் என்று படை கலகம் செய்கிறது. இரண்டு வரிசையாக நின்று அடிக்கும் சொந்தப் படை வீரர்களுக்கு நடுவே அவளை நடக்க விடுகிறார்கள். அவள் உயிரோடு வெளியே வருகிறாள். மூன்றாவதில் செத்திருக்க வேண்டும். ஆனால் பார்த்தவர்களுக்கு அவளைப் பிடித்துப்போனதால் கொல்லவில்லை. 1995 செப்டம்பரில் அவளுக்கென்றே ஒரு தொடர் வந்தது. 2001 ஜூன் வரை ஆறு சீசன், 134 எபிசோடு.

இப்போது எழுதுகிறவர்களுக்கு ஒரு சிக்கல். வில்லியாக அவளைக் காட்டியாகிவிட்டது, ஜனங்கள் பார்த்தும் ஆகிவிட்டது. இல்லை என்று இனி சொல்ல முடியாது. அதனால் அந்தப் பழைய கணக்கையே தொடருக்கு முதலாக வைத்துக்கொண்டார்கள்.

ஒருவனுக்குக் கழுவியது, ஒருத்திக்குப் பூசியது

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

கிரேக்கப் புராணத்தில் ஹெர்குலிஸ் அப்பழுக்கில்லாத ஆள் கிடையாது. ஹீரா தேவி கொடுத்த பைத்தியத்தில் தன் பிள்ளைகளைத் தன் கையாலேயே கொன்றவன். யூரிபிடீஸின் நாடகத்தில் மனைவியையும் கொல்கிறான். அவன் செய்த 12 பெரும் வேலைகளும் அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தம்தான் என்பது புராணத்தில் பரவலாகச் சொல்லப்படும் கதை.

டிவி ஹெர்குலிஸுக்கு என்ன ஆயிற்று? முதல் எபிசோடிலேயே ஹீரா ஒரு தீப்பந்தை அனுப்பி அவன் மனைவியையும் பிள்ளைகளையும் எரித்துவிடுகிறாள். அவன் கையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. துக்கம் மட்டும்தான். புராணம் கொடுத்த பாவத்தை ஸ்கிரிப்ட் கழுவிவிட்டது. அதே கூட்டம்தான் புராணத்தில் பெயரே இல்லாத ஒருத்தியைப் புதிதாக உருவாக்கி, அவள் தலையில் ஊர் ஊராக எரித்த பாவத்தைக் கட்டியது.

அநியாயம் என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் நினைவில் நின்றது எது? ஹெர்குலிஸ் தொடர் 1999-லேயே முடிந்துபோனது. பாவம் இல்லாதவனுக்கு சொல்ல என்ன கதை மிச்சம் இருக்கும்?

கொஞ்சம் கொஞ்சமாக

பாட்ஷாவின் பழைய கதை ஒரே பிளாஷ்பேக்கில் முடிந்துவிடும். ஜீனாவின் கதையோ ஆறு வருஷம் தவணை முறையில் வந்தது. அவளாக எதையும் சொல்ல மாட்டாள். கூடவே வரும் காப்ரியல் என்ற பெண் துருவித் துருவிக் கேட்டாலும் பாதிதான் வரும். மீதியை அவளால் பாதிக்கப்பட்ட யாராவது வந்து சொல்வார்கள்.

முதல் எபிசோடில் தெரிவது இவ்வளவுதான். சொந்த ஊர் ஆம்ஃபிபோலிஸ். எதிரி ஊரை அழிக்க வந்தபோது ஜனங்களைத் திரட்டிச் சண்டை போட்டாள். அதில் தம்பி லைசியஸ் செத்தான். ஊருக்குத் திரும்பியபோது பெற்ற தாயே நம்பவில்லை, ஊர் கல்லெடுத்தது. அவள் தடுக்கக்கூட இல்லை. காப்ரியல்தான் குறுக்கே வந்து பேசிக் காப்பாற்றினாள்.

1996-ல் காலிஸ்டோ வந்தாள். ஜீனாவின் படை எரித்த சிர்ரா என்ற ஊரில் தாயையும் தங்கையையும் தீக்குக் கொடுத்துத் தப்பிய சிறுமி, வளர்ந்து பழிவாங்க வருகிறாள். ஊர்களைக் கொளுத்திவிட்டு "நான்தான் ஜீனா" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். எதிரியைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். ஏனென்றால் அவள் சொல்வது அத்தனையும் உண்மை. ஜீனாவாலும் மறுக்க முடியாது.

இதில் நிஜ வாழ்க்கையும் புகுந்து விளையாடியது. 1996 அக்டோபரில் ஜே லெனோ நிகழ்ச்சிக்கான ஒத்திகையில் குதிரையிலிருந்து விழுந்து லூசி லாலெஸுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. படப்பிடிப்பு நிற்க முடியாது. அப்போது ஜீனாவும் காலிஸ்டோவும் உடல் மாறும் கதை ஒன்று கையில் இருந்தது. முடிவை மாற்றி, ஜீனாவின் உயிர் அடுத்த எபிசோடிலும் காலிஸ்டோவின் உடலிலேயே இருப்பதாகச் செய்தார்கள். காலிஸ்டோவாக நடித்த ஹட்சன் லைக்தான் ஜீனாவாக நடித்தார். யாருடைய குடும்பத்தை எரித்தாளோ, அவளுடைய முகத்தோடு நடமாட வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டில் எழுதிய திரைக்கதை!

சீசரும் கடற்கொள்ளையும்

1997 ஜனவரியில் வந்த 'டெஸ்டினி' எபிசோடில்தான் அவள் ஏன் இப்படி ஆனாள் என்பது தெரிந்தது. சரித்திரப் பிரியர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் இது.

தொடரின் காலக்கணக்கு ஒரு கூத்து. ட்ரோஜன் போர், ஹோமர், தாவீது-கோலியாத், ஜூலியஸ் சீசர் எல்லாரும் ஒரே பெண்ணின் ஆயுளுக்குள் வந்துபோவார்கள். ஆனால் இந்த ஒரு கதைக்கு நிஜமான வேர் இருக்கிறது. கிமு 75 வாக்கில் இளம் சீசரைக் கடற்கொள்ளைக்காரர்கள் பிடித்தார்கள். புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அவர்கள் 20 தாலந்து கேட்டார்களாம். சீசர் சிரித்துவிட்டு, நான் யாரென்று தெரியவில்லை உங்களுக்கு, 50 கேளுங்கள் என்றாராம். 38 நாள் அவர்களோடு ஏதோ விருந்தாளி மாதிரி இருந்தார். விடுதலையானதும் உங்களைச் சிலுவையில் அறைவேன் என்று அடிக்கடி சொல்வாராம். அவர்கள் அதை விளையாட்டென்று நினைத்தார்கள். பணம் கட்டி வெளியே வந்தார், கப்பல்களோடு திரும்பினார், சொன்னபடியே செய்தார்.

தொடர்க்காரர்கள் செய்தது ஒன்றுதான். அந்தக் கொள்ளைக் கப்பலுக்கு ஜீனாவைத் தலைவி ஆக்கினார்கள். சின்னப் பெண், சீசரிடம் மனதைப் பறிகொடுத்தவள். அவன் திரும்பி வந்து அவளையும் அவள் ஆட்களையும் கடற்கரையில் சிலுவையில் ஏற்றி, அவள் காலை உடைக்கிறான். நரம்பில் விரலை வைத்து ஆளைச் சாய்க்கும் வித்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த எம்லைலா என்ற அடிமைப் பெண் அவளைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறாள். அந்த ராத்திரியோடு ஜீனாவுக்குள் ஏதோ செத்துவிடுகிறது.

புளூட்டார்க் எழுதிய சரித்திரத்தில் சீசரின் பேச்சும் சிரிப்பும்தான் இருக்கிறது. சிலுவையில் ஏறியவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டது ஒரு காமெடி கலந்த டிவி தொடர். இருந்தாலும் இதைச் சாக்காக வைத்து அவளை விடுவிக்கவில்லை. காரணம் தெரிந்துவிட்டது, கணக்கு அப்படியே இருக்கிறது.

நம்ம ஊர் சக்கரம்

அவள் இடுப்பு வளையம் நம்ம சக்கரமேதான். அவர்கள் வாயில் 'ஷாக்ரம்' ஆகிவிட்டது. சண்டிகருக்கு வந்த புதிதில் ஹோலா மொஹல்லா பார்க்க ஆனந்த்பூர் சாகிப் போயிருந்தேன். நீல உடை நிஹாங் சீக்கியர்களின் உயரமான தலைப்பாகையில் இரும்பு வளையங்கள் அடுக்கடுக்காக இருந்தன. வெளிவிளிம்பு கூர், உள்ளே மழுங்கல். சுழற்றி எறிந்தால் கழுத்து போய்விடும். ஆனால் ஜீனாவுடையது மாதிரி நாலு சுவரில் மோதி ஆறு பேரை அடித்துவிட்டுக் கைக்குத் திரும்பி வராது. திரும்பி வருகிற ஆயுதம் என்றால் நமக்கு வளரி ஞாபகம்தான் வரும்.

நாலாவது சீசனில் அம்மணி இந்தியாவுக்கே வந்துவிட்டாள். மறுபிறவி, கர்மா எல்லாம் அங்கே கதையில் ஏறியது. முற்பிறவிக் கணக்கு என்று ஒன்று கிடைத்தால் இந்தக் கதைக்காரர்கள் விடுவார்களா? 1999-ல் வந்த 'தி வே' எபிசோடில் கண்ணனும் அனுமனும் பாத்திரங்கள். உன் வழி போர்வழி, அதில் நில் என்கிற மாதிரி கண்ணன் ஜீனாவுக்கு உபதேசம் செய்கிறார். கீதை வாடை அடிக்கும். வழிபடும் தெய்வத்தைக் கேளிக்கைத் தொடரில் கொண்டுவருவதா என்று சில இந்து அமைப்புகள் எதிர்த்தன. எபிசோடை விலக்கி வைத்து, பிறகு சில மாற்றங்களோடு திரும்ப விட்டார்கள்.

அத்தை கேட்டது

2000-ல் மகள் பிறந்தபோது தங்கமணியின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அதனால் பிரசவம் இங்கேயே. துணைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என் அத்தை வந்தார். நாலு மாசம் இருந்தார். ஹிந்தியும் தெரியாது, பஞ்சாபியும் தெரியாது. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு ராத்திரி என்னோடு உட்கார்ந்து ஜீனா பார்ப்பார். "ஏய்யா, இவ நம்மூர்ல பொறந்திருக்கணும்" என்பார்.

ஒருநாள் சோலன் கதை வந்தது. ஜீனா பெற்ற பிள்ளை. தன்னோடு இருந்தால் எதிரிகள் விடமாட்டார்கள், தன்னைப் போலவே ஆகிவிடுவான் என்று கைக்குழந்தையாக இருக்கும்போதே குதிரை உடல் மனிதர்களிடம் வளர்க்கக் கொடுத்துவிடுகிறாள். வருஷங்கள் கழித்து அவனை நேரில் பார்க்கிறாள். நான்தான் அம்மா என்று சொல்லவில்லை.

அத்தைக்கு வசனம் புரியாது. படம் புரிந்தது.

"ஏய்யா, அந்தப் பயலுக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்தை."

"அவ சொல்லலியா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, பாலை உறை ஊத்தணும் என்று அடுக்களைக்குப் போனார். உறை ஊற்றி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நானே பார்த்தேன்.

எங்கள் குடும்பத்தில் யாரும் பேசாத கதை இது. அத்தைக்கு இருபது வயதில் கல்யாணமாகி ஒரு பையன். அடி தாங்காமல் ஒரு விடியற்காலையில் தனியாகக் கிளம்பி வந்துவிட்டார். ஒன்றரை வயசுப் பிள்ளையைத் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். மாமா மறுகல்யாணம் செய்துகொண்டு குடும்பத்தோடு வேறு ஊர் போய்விட்டார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பிள்ளையைப் போட்டுட்டு வந்தவ" என்ற பேர் மட்டும் அத்தைக்கு நின்றது. நல்ல காரியங்களில் பின்வரிசைதான்.

அத்தை ஊரைக் கொளுத்தவில்லை, யாரையும் கொல்லவில்லை. ஆனாலும் ஜீனாவின் ஊர் எடுத்த அதே கல்லைத்தான் அவர் மீதும் எறிந்தார்கள். ஆணின் பழைய கதையைக் கழுவி வைப்பதும் பெண்ணின் பழைய கதையைக் காத்து வைப்பதும் டிவிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

நாற்பதாயிரம்

2001 ஜூனில் கடைசி இரண்டு எபிசோடு. கதை ஜப்பானுக்குப் போகிறது. இன்னும் ஒரு பழைய பக்கம் திறக்கிறது. எப்போதோ ஜீனா குடிபோதையில் கிளப்பிய சண்டையில் தீப்பிடித்து ஒரு ஊரே அழிந்தது, 40,000 பேர் செத்தார்கள் என்று தெரிகிறது. அந்த ஆத்மாக்களை ஒரு அரக்கன் பிடித்து வைத்திருக்கிறான். அவனை வெல்ல ஜீனா சாக வேண்டும். ஜெயித்த பிறகும் அவள் செத்தே இருந்தால்தான் அந்த 40,000 பேருக்கும் விடுதலை. அவளை உயிர்ப்பிக்க வழி இருக்கிறது. காப்ரியல் கையில் அஸ்தியோடு தயாராக நிற்கிறாள். ஜீனா வேண்டாம் என்றுவிடுகிறாள்.

ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஆறு வருஷம் நல்லது செய்தவளுக்கு இதுதானா கூலி என்று. தங்கமணி இன்றுவரை கட்சி மாறவில்லை. "ஆம்பளையா இருந்தா குதிரையில ஏத்தி சூரியனைப் பார்த்து அனுப்பியிருப்பாங்க." தப்பு என்று சொல்ல என்னிடம் பதில் இல்லை. என் பக்கம் இவ்வளவுதான்: தன் கணக்கைத் தானே எழுதி, தானே கூட்டி, தானே கட்டிவிட்டுப் போன ஒரு ஆளை அதற்கு முன் நான் திரையில் பார்த்ததில்லை. மற்றவர்கள் சுமத்தும் பழி வேறு, தானாக ஏற்கும் பொறுப்பு வேறு. ஜீனாவுக்கு இரண்டாவது வாய்த்தது. அத்தைக்கு முதலாவதுதான் கிடைத்தது.

கடைசியாக

2005-ல் அமெரிக்க விண்ணியலாளர் மைக் பிரவுன் குழு புளூட்டோவுக்கும் அப்பால் ஒரு பொருளைக் கண்டுபிடித்துச் செல்லப் பெயராக ஜீனா என்று வைத்தது. அதன் துணைக்கோளுக்கு காப்ரியல். 2006-ல் அதிகாரப்பூர்வமாக ஏரிஸ் என்று மாறியது. துணைக்கோளுக்கு டிஸ்னோமியா. கிரேக்கத்தில் சட்டமின்மையின் தேவதை. லூசி லாலெஸின் குடும்பப் பெயருக்கும் ஆங்கிலத்தில் அதே பொருள்தான். ஓரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பெயர் என்றதும் இன்னொன்று. கிரேக்கத்தில் 'க்ஸெனோஸ்' என்றால் வெளியூர்க்காரர், விருந்தாளி இரண்டும். ஜீனா அதன் பெண்பால் மாதிரி. நம்ம 'விருந்து' என்ற சொல்லுக்கும் பழைய பொருள் புதுமை, புதிதாக வந்தவர் என்பதுதான். வெளியூரில் நம்மை யாருக்கும் தெரியாது என்பது சில சமயம் தனிமை, சில சமயம் பெரிய நிம்மதி. சண்டிகரில் அத்தை இருந்த நாலு மாசமும் பக்கத்து வீட்டு சர்தார்னி அம்மா அவரைத்தான் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தார், தன் பேரன் பெயர்சூட்டு விழாவில். அவருக்கு எந்தக் கதையும் தெரியாது.

அத்தை போய் சில வருஷம் ஆகிவிட்டது. இதையெல்லாம் மகளிடம் முதல் தடவையாக அன்றைக்குத்தான் சொன்னேன். லேப்டாப்பை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்த எபிசோடை நானும் பார்த்திருக்கேனா, அத்தைப் பாட்டி மடியில?"

"எங்க பார்த்த? நீ தூங்கிட்டிருந்த."

"சரி, எந்த சீசன்னு சொல்லுங்க. இப்ப பார்ப்போம்."

தங்கமணியும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். நானும் கிளம்பறேன். வர்ட்டா?